“என்ன சாப்பிட்டோம்?” என்று தேடும் முன்: தோல் ஒவ்வாமையைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

உடம்பில் எங்காவது அரித்துத் தடித்தால் நம் வாயில் முதலில் வரும் கேள்வி, “நேத்து என்ன சாப்பிட்டோம்?” என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டேன். தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே, நாணயம் அகலத்துக்கு ஓரிடம். கருத்து, சொரசொரத்து, ராத்திரி படுத்தால் நமைக்க ஆரம்பிக்கும். முட்டையை விட்டேன். மீனை விட்டேன். பாலையும் விட்டுப் பார்த்தேன். ஒன்றரை வருடம் இப்படியே போனது. கடைசியில் வில்லன் தட்டில் இல்லை, இடுப்பில் இருந்தான்: ஜீன்ஸ் பொத்தானின் பின்பக்க உலோகம்.

அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. பட்டதற்கும் அரித்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம்? வந்த தடிப்பு அதே இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது? உடம்பில் சரியாக எங்கே? இந்த மூன்றையும் கவனித்துச் சொல்லத் தெரிந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். இந்தக் கட்டுரை அந்தக் கவனிப்பைப் பழக்குவதற்குத்தான். மருந்துச் சீட்டுக்கு மாற்று அல்ல.

முதலில் ஆபத்தைத் தள்ளி வையுங்கள்

தடிப்போடு உதடு, நாக்கு வீங்குகிறதா, குரல் கம்முகிறதா, மூச்சு இழுக்கிறதா, தலை சுற்றிக் கண் இருட்டுகிறதா, திரும்பத் திரும்ப வாந்தி வருகிறதா? இது அனாஃபிலாக்சிஸ், உடம்பு முழுவதையும் தாக்கும் உயிராபத்தான ஒவ்வாமை. இங்கே யோசிக்க நேரமில்லை. இதற்கு மருந்து தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அந்த மாத்திரை அரிப்பைத்தான் தணிக்கும், விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்காது. ஆளைப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரவைக்கலாம். எழுந்து நடக்கவிடாதீர்கள். ஊசி போட்டுச் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரக்கூடும்.

இன்னொரு அபாயம் மெதுவாக வரும். புதிதாக ஒரு மருந்து ஆரம்பித்துச் சில நாளோ சில வாரமோ ஆன பிறகு காய்ச்சல், கண் சிவப்பு, வாய்க்குள் புண், தொட்டால் எரியும் தோல், உரியும் கொப்புளம். அரிப்பைவிட வலி அதிகமாக இருப்பது இதன் அடையாளம். ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய் என்பது இதுதான். மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனை.

கரப்பான் (எக்ஸிமா) உள்ள குழந்தைக்குக் காய்ச்சலோடு, துளை போட்டது போலச் சிறு சிறு புண்கள் கொத்தாக வந்து வலித்தால் அதுவும் அவசரம்தான். ஹெர்பீஸ் கிருமி கரப்பான் தோலில் பரவும்போது அப்படி வரும்.

இவை எதுவும் இல்லையா? சரி, இனி நிதானமாகப் பார்க்கலாம்.

தோலுக்குள் ஓடும் இரண்டு கடிகாரங்கள்

‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906-ல் உண்டாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. ஒரு பொருளை ஒருமுறை சந்தித்த உடம்பு, அடுத்த முறை அதனிடம் வேறு விதமாக நடந்துகொள்கிறது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. இந்த ‘அடுத்த முறை’யை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். “பத்து வருஷமா இதே சோப்புதான் போடுறேன், அதனால் இது காரணமாக இருக்காது” என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த வாதம் நிற்காது. பத்து வருடம் சும்மா இருந்த உடம்பு பதினோராவது வருடம் அதை எதிரியாகக் குறித்துக்கொள்ளலாம்.

எதிர்வினை இரண்டு வேகத்தில் வரும். வேகமான கடிகாரத்தில், தோலில் காத்திருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்கள் வெடித்து, அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் அவற்றின் மேல் குதிரை ஏறி உட்கார்ந்திருக்கும், எதிரி வந்ததும் சுண்டிவிடும். நிமிடங்களில் ஆரம்பித்து, பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு வந்துவிடும். உணவு, பூச்சிக்கடி, சில மருந்துகள் இந்த வழியில் வருகின்றன. விதிவிலக்கு ஒன்று உண்டு: உண்ணி கடித்த சிலருக்கு வரும் இறைச்சி ஒவ்வாமை, சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்தே தலைகாட்டும்.

மெதுவான கடிகாரத்தில் வேலை பார்ப்பவை டி செல்கள் என்ற வெள்ளணுக்கள். அவை கூடி வந்து சேரவே ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். திங்கட்கிழமை பூசிய தலைச்சாயத்துக்கு புதன்கிழமை காது வீங்கும். நடுவில் செவ்வாய்க்கிழமை சாப்பிட்டதன் மேல் பழி விழும். உணவின் மேல் வரும் பொய்ப் புகார்களில் ஏகப்பட்டது இந்த இரண்டு நாள் இடைவெளியில் பிறந்ததுதான்.

ஒரு பேனா எடுங்கள்

கொசு கடித்தது போல மேடிட்டு, நடுவில் வெளிறி, சுற்றிலும் சிவந்து, அரிக்கும் தடிப்பா? தடிப்பின் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுங்கள். நேரத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் கோட்டுக்குள் பாருங்கள். உள்ளே ஒன்றுமே இல்லை, ஆனால் வேறு இடத்தில் புதிது வந்திருக்கிறது என்றால் அது அர்ட்டிகேரியா. ‘காணாக்கடி’ என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். கடித்தது கண்ணுக்குத் தெரியாததால் வந்த பெயர்.

காணாக்கடியில் ஒவ்வொரு தடிப்பும் 24 மணி நேரத்துக்குள் சுவடில்லாமல் மறையும். அதே இடத்தில் ஒரு நாளைத் தாண்டி நின்று, அரிப்பைவிட வலியும் எரிச்சலும் அதிகமாகி, மறையும்போது கன்றிய தழும்பை விட்டுப் போனால் அது ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். அதற்குத் தோலிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

கறுத்த, மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். படங்களில் காட்டும் செக்கச் சிவந்த தடிப்பைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். ஊதாச் சாயலோ, சுற்றியிருக்கும் தோலைவிடக் கூடுதல் கருமையோதான் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் மேடு நிழல் காட்டும். விரலால் தடவினாலும் தெரிந்துவிடும்.

அடுத்த கேள்வி: எத்தனை வாரமாக? ஆறு வாரத்துக்குள் அடங்கிவிட்டால் குறுகிய காலக் காணாக்கடி. இதற்கு, முக்கியமாகக் குழந்தைகளில், அதிகம் காணப்படும் காரணம் சாதாரண வைரஸ் காய்ச்சல், சளி. அந்தச் சமயத்தில் ஓர் ஆன்டிபயாட்டிக் கொடுத்திருப்பார்கள். தடிப்பு வந்ததும் அந்த மருந்தின் மேல் முத்திரை விழும், வாழ்நாள் முழுக்க ‘பெனிசிலின் ஆகாது’ என்று எழுதி வைத்துவிடுவார்கள். அப்படி முத்திரை விழுந்தவர்களை முறையாகப் பரிசோதித்தால் 10-ல் 9 பேருக்கு அந்த ஒவ்வாமை இருப்பதில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு முத்திரை இருந்தால், ஒவ்வாமை மருத்துவரிடம் அதை மறுபடி பார்த்துக்கொள்வது நல்லது. வீட்டில் நீங்களே மாத்திரையை விழுங்கிப் பார்க்கக் கூடாது.

ஆறு வாரத்தைத் தாண்டி, கிட்டத்தட்ட தினமும் வருகிறது என்றால் அது நாள்பட்ட காணாக்கடி. இங்கே பலருக்கும் பிடிக்காத ஓர் உண்மை உண்டு: இதற்குப் பெரும்பாலும் வெளிக் காரணமே கிடையாது. உடம்பின் எதிர்ப்பாற்றல் தன் மாஸ்ட் செல்களையே சீண்டிக்கொண்டிருக்கிறது. எதையும் சாப்பிடாமல் இருந்தாலும் வரும். சட்டென்று காரணம் தெரியும் வகைகளும் உண்டு. நகத்தால் கோடு போட்டால் கோடாகவே தடிக்கும் தோல், குளிர்ந்த நீர் பட்டால் வருவது, உடற்பயிற்சியில் வியர்க்கும்போது பொடிப் பொடியாக வருவது, பை தொங்கிய தோளில் சில மணி நேரம் கழித்து வீங்குவது. குளிரில் தடிப்பவர்கள் குளத்திலோ கடலிலோ தனியாக நீந்தக் கூடாது. உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் ஹிஸ்டமின் கொட்டினால் தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வரும்.

தடிப்பே இல்லாமல் உதடோ நாக்கோ மட்டும் வீங்குகிறதா? ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். அவற்றின் பக்கவிளைவு இது. மாத்திரை ஆரம்பித்து மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரும். அரிப்பு மாத்திரைக்கு அடங்காது. பரம்பரையாக வரும் வீக்கமும் அப்படித்தான். இதில் சுயவைத்தியம் வேண்டவே வேண்டாம்.

கோட்டுக்குள்ளேயே நிற்கிறதா? இடத்தைப் பாருங்கள்

மறுநாளும் அதே இடத்தில் நின்று, சொரசொரத்து, நீர் கசிந்து, பொருக்குத் தட்டினால் அது கரப்பான் குடும்பம். இப்போது உடம்பின் எந்த இடம் என்பதே பெரிய துப்பு.

காது மடல், கைக்கடிகாரத்தின் அடி, தொப்புளுக்குக் கீழ் என்றால் முதலில் நிக்கல். நெற்றி ஓரம், காது, பின்கழுத்து என்றால் தலைச்சாயம். உச்சந்தலைத் தோல் தடிமன் என்பதால் அது பல சமயம் தப்பித்துவிடும், மாட்டிக்கொள்வது சுற்றுப்புறம்தான். சாயத்தில் உள்ள பாராஃபீனிலின்டையமின் என்ற வேதிப்பொருள்தான் காரணம். ‘கறுப்பு மருதாணி’ டாட்டூவிலும் அதைக் கலப்பார்கள். உண்மையான மருதாணி கறுப்பாகப் பற்றாது. அந்த டாட்டூ போட்டுக் கொப்பளித்தவர்கள் பிறகு தலைச்சாயம் பூசினால் இன்னும் மோசமாகும்.

கண் இமையில் அரித்தால் இமைக்குப் போட்டதை மட்டும் சந்தேகிக்காதீர்கள். நகப்பூச்சையும் பாருங்கள். இமைத் தோல் அவ்வளவு மெல்லியது, நகம் நாள் முழுக்க அதைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. விரலில் ஒன்றுமே இருக்காது, இமை மட்டும் வீங்கும். இரண்டு பாதத்தின் மேல்புறமும் ஒரே மாதிரி என்றால் செருப்பு, ஷூ. தோலைப் பதப்படுத்தும் குரோமியம், ஒட்டும் பசை, ரப்பர். சிமென்ட் வேலை செய்பவர்களின் கையிலும் அதே குரோமியம்தான். புண்ணுக்குப் போடும் நியோமைசின் களிம்பே ஒவ்வாமையைக் கிளப்புவதும் உண்டு. ஆறாத புண் என்று மேலும் மேலும் அதையே பூசுவார்கள்.

காற்றில் பறந்து வருவதற்கும் வெயிலில் வருவதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பார்த்தீனியத் தூள் போலப் பறந்து வருவது மேல் இமை, காதின் பின்புறம், தாடைக்கு அடி என்று எல்லா மூலையிலும் படியும். வெயிலால் வருவது அந்த நிழல் மூலைகளை விட்டுவிடும்.

எல்லாமே ஒவ்வாமை என்றும் நினைத்துவிடக் கூடாது. கைகளில் வரும் கரப்பானில் பெரும்பகுதி, உறுத்தும் பொருள் தோலை நேரடியாகக் கெடுப்பதால் வருவது. நாளுக்கு இருபது முறை சோப்புத் தண்ணீரில் கை நனைந்தால் யாருடைய தோலும் வெடிக்கும். இதற்கு எதிர்ப்பாற்றலின் தயவு தேவையில்லை. மோதிரத்துக்கு அடியில் மட்டும் வந்தால் மோதிரத்தை உடனே குற்றம் சொல்லாமல், அதற்கடியில் தேங்கும் சோப்பையும் ஈரத்தையும் கவனியுங்கள்.

கரப்பான் குழந்தைகளும் சாப்பாட்டுப் பட்டினியும்

சின்ன வயதில் ஆரம்பித்து, கைக்குழந்தைக்குக் கன்னத்திலும், கொஞ்சம் வளர்ந்த பிறகு முழங்கை, முழங்கால் மடிப்புகளிலும் வந்து வந்து போகும் வறண்ட அரிப்பு அட்டோபிக் கரப்பான். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ தும்மலோ இருக்கும். 2006-ல் ஃபிலாக்ரின் என்ற மரபணுவின் பங்கு தெரியவந்தது. தோலின் மேலடுக்கை இறுக்கிக் கட்டும் புரதம் அது. சிலருக்கு அது குறைவாகவே உற்பத்தியாகிறது. சுவரில் சாந்து உதிர்ந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கும் தூசி உள்ளே வரும். அப்படி உள்ளே வருவதைப் பார்த்துத்தான் எதிர்ப்பாற்றல் கோபப்படுகிறது. ஆக, பல குழந்தைகளுக்கு ஒவ்வாமையால் தோல் கெடவில்லை. தோல் கெட்டதால் ஒவ்வாமை வருகிறது.

அதனால்தான் பால், முட்டை, கோதுமை என்று ஒவ்வொன்றாக நிறுத்துவது பெரும்பாலும் பலன் தருவதில்லை. குழந்தை இளைப்பதுதான் மிச்சம். அதைவிட விபரீதம் ஒன்று உண்டு: சாப்பிட்டுப் பழகிய உணவை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு மறுபடி கொடுக்கும்போது, முன்பு இல்லாத வேகமான எதிர்வினை வரலாம். சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது என்று தெளிவாகப் பார்த்திருந்தால் அது வேறு கதை. அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஆள்மாறாட்டம் செய்பவர்கள்

சிரங்கை ஒவ்வாமை என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர்கள் நிறையப் பேர். ராத்திரியில் மட்டும் அரிப்பு உச்சத்துக்குப் போகிறதா, வீட்டில் இன்னொருவருக்கும் அரிக்கிறதா, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி என்று இருக்கிறதா? சிரங்குப் பூச்சியைச் சந்தேகியுங்கள். அதற்கு வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும்.

படர்தாமரை இன்னும் தந்திரமானது. வளையமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து வரும். அதன் மேல் ஸ்டீராய்டு கலந்த க்ரீமைப் பூசினால் இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும். ஆகா என்று தோன்றும். பூஞ்சை உள்ளுக்குள் சுகமாகப் பரவிக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் இரண்டு மடங்காக, வளைய வடிவமும் இல்லாமல், மருத்துவருக்கே அடையாளம் தெரியாதபடி திரும்பி வரும். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றையும் ஒரே ட்யூபில் அடைத்த க்ரீம்களை நான் அறவே தவிர்க்கச் சொல்வேன். என்ன நோய் என்று தெரியாதவர்களுக்காகச் செய்த மருந்து அது.

மருத்துவரிடம் போகும் முன் மூன்று வேலை

ஒன்று, புகைப்படம். காணாக்கடி மருத்துவரைக் கண்டால் ஓடி ஒளியும். தடிப்பு இருக்கும்போதே எடுத்து வையுங்கள், பேனாக் கோட்டோடு. இரண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு குறிப்பு: வந்த நேரம், இடம், நின்ற நேரம், அதற்கு முந்தைய 72 மணி நேரத்தில் புதிதாகத் தோலில் பட்டது என்ன, சாப்பிட்ட மருந்து என்ன. வலி மாத்திரைகளை மறக்காமல் எழுதுங்கள், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் காணாக்கடியைத் தூண்டிவிடும். மூன்றாவது எனக்குப் பிடித்தது. சோப்பு, ஷாம்பு, க்ரீம், தைலம், நகப்பூச்சு, கையுறை என்று தோலில் படும் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப் போட்டு எடுத்துப் போங்கள். கூச்சப்பட வேண்டாம். ட்யூபின் பின்னால் இருக்கும் பொடி எழுத்துப் பட்டியல் மருத்துவருக்குப் பெரிய உதவி.

எந்தப் பரிசோதனை எதற்கு

கடிகாரத்தை நினைவில் வைத்தால் இதில் குழப்பமே வராது. வேகமான வகைக்கு ப்ரிக் டெஸ்ட். முன்கையில் சொட்டு வைத்து மெல்லக் குத்துவார்கள், 15 முதல் 20 நிமிடத்தில் முடிவு தெரியும். இதற்கு முன் ஒரு வாரம் போல அரிப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்தாவிட்டால் எல்லாமே ‘இல்லை’ என்று வரும். அதற்கு வழியில்லை என்றால் ரத்தத்தில் ஐஜிஇ பார்க்கலாம்.

மெதுவான வகைக்கு பேட்ச் டெஸ்ட். 1895-ல் யோசெஃப் யாடாசோன் தொடங்கிவைத்த முறை, இன்றும் இதை விஞ்ச ஒன்று வரவில்லை. முதுகில் வரிசையாகச் சின்னச் சின்னக் கிண்ணங்களை ஒட்டுவார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பொருள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அப்புறம் மூன்றாவது அல்லது நான்காவது நாள் மறுபடியும் பார்ப்பார்கள். இந்த இரண்டாவது பார்வையைத் தவறவிட்டால் பரிசோதனையே வீண். சில பொருட்கள் ஒரு வாரம் கழித்துத்தான் காட்டிக்கொடுக்கும். நடுவில் முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்கக் கூடாது. எனக்கு அந்த மூன்று நாள்தான் மொத்த வைத்தியத்திலும் கஷ்டமான பகுதி. நான்காவது நாள் முதுகைப் படம் எடுத்துக் காட்டினார்கள். இருபத்து சொச்சம் கட்டங்கள் வெறுமையாக இருக்க, ஒன்று மட்டும் பொடிக் கொப்புளங்களோடு புடைத்துக்கொண்டு நின்றது. நிக்கல்.

நூறு உணவுகளை ஒரே ரத்தத் துளியில் பார்க்கிறோம் என்று விற்கும் பரிசோதனைகளிடம் ஜாக்கிரதை. ஐஜிஇ ‘பாசிட்டிவ்’ என்றால் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம், அது உங்களுக்கு ஆகாது என்று அர்த்தமல்ல. தினமும் சாப்பிட்டு நன்றாக இருக்கும் உணவுக்கும் பாசிட்டிவ் வரும். ஐஜிஜி என்ற இன்னொரு எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்து உணவுப் பட்டியல் கொடுப்பது இன்னும் மோசம். அந்த அளவு நீங்கள் எதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும். நாள்பட்ட காணாக்கடிக்குப் பெரிய பட்டியல் எதுவும் தேவைப்படாது. சில எளிய ரத்தப் பரிசோதனைகளோடு முடிந்துவிடும்.

சிகிச்சை: பூசுவதில் ஒரு கணக்கு உண்டு

கரப்பானுக்கு அடித்தளம் மாய்ஸ்சரைசர். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் அளவில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறோம். உடம்பு முழுக்கக் கரப்பான் உள்ள பெரியவருக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படும். சின்ன ட்யூப் ஒன்றை மூன்று மாதம் வைத்திருந்தால் அது பூசிய கணக்கில் சேராது. வெதுவெதுப்பான நீரில் ஐந்து பத்து நிமிடத்தில் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் காயும் முன் பூசுங்கள். முடி படுத்திருக்கும் திசையில் மேலிருந்து கீழாக. டப்பாவில் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். லோஷனில் தண்ணீர் அதிகம், வறட்சி மிகுந்தால் க்ரீம் அல்லது களிம்பே நல்லது. ஒரு எச்சரிக்கை: இவை ஊறிய துணியும் போர்வையும் வேகமாகத் தீப்பிடிக்கும். அடுப்பு, சிகரெட் பக்கம் போகக் கூடாது.

வாசனையில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். ‘இயற்கை’ என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். டீ ட்ரீ எண்ணெயும் லாவெண்டர் எண்ணெயும் பேட்ச் டெஸ்டில் அடிக்கடி மாட்டுபவை.

அடுத்தது ஸ்டீராய்டு க்ரீம். இதில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று பயந்து பட்டும் படாமலும் பூசும், அதனால் நோய் ஆறாமல் இழுத்துக்கொண்டே போகும். இன்னொன்று முகத்தில் வருடக்கணக்கில் பூசித் தோலை மெலியவைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் மருந்து, கணக்கு. ட்யூபிலிருந்து ஆள்காட்டி விரல் நுனி முதல் முதல் ரேகை வரை ஒரு கோடாகப் பிதுக்குங்கள். அது சுமார் அரை கிராம். பெரியவர் ஒருவரின் இரண்டு உள்ளங்கை, விரல்களும் சேர்த்து, எவ்வளவு பரப்போ அவ்வளவு இடத்துக்கு அது போதும். முகத்துக்கும் கழுத்துக்கும் இப்படி இரண்டரைக் கோடு, ஒரு கைக்கு மூன்று, ஒரு காலுக்கு ஆறு என்று கணக்கு. வீரியமும் இடத்துக்கு இடம் மாறும். ஹைட்ரோகார்ட்டிசோன் மென்மையானது, மொமெட்டாசோன் வலுவானது, க்ளோபிட்டாசோல் மிக வலுவானது. தடித்த உள்ளங்காலுக்கு எழுதிக் கொடுத்ததை இமையில் பூசிவிடாதீர்கள். தோல் வழவழப்பாகும் வரை பூசிவிட்டு நிறுத்துவதுதான் வழக்கம். திரும்பத் திரும்ப வரும் இடங்களில் மட்டும் வாரத்துக்கு இரண்டு நாள் பூசச் சொல்லக்கூடும். முகம், இமை, மடிப்புகளுக்கு டாக்ரோலிமஸ் களிம்பு நல்ல மாற்று, தோலை மெலியவைக்காது. முதல் சில நாள் எரியும், அதை ஒவ்வாமை என்று நினைத்து நிறுத்திவிட வேண்டாம்.

அரிப்பு மாத்திரைகள் முக்கியமாகக் காணாக்கடிக்குத்தான். செட்டிரிசின், ஃபெக்சோஃபெனடின், லோராடடின், பிலாஸ்டின் போன்ற புதிய தலைமுறை மாத்திரைகளை அரிக்கும்போது மட்டும் போடாமல் தினமும் போட்டால்தான் பலன். போதவில்லை என்றால் மருத்துவர் அளவை நான்கு மடங்கு வரை உயர்த்துவதுண்டு. அதை நீங்களே செய்யக் கூடாது. தூக்கத்தைக் கொண்டுவரும் பழைய குளோர்ஃபெனிரமின் வகையை இப்போது விரும்புவதில்லை. கரப்பான் அரிப்பில் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கில்லை என்பதால் அங்கே இந்த மாத்திரைகள் அவ்வளவாக உதவாது. அங்கே உதவுவது பூசுவதுதான்.

இதற்கெல்லாம் அடங்காதவர்களுக்கும் இன்று வழி இருக்கிறது. நாள்பட்ட காணாக்கடிக்கு ஓமலிசுமாப் ஊசி 2014 முதல், கடுமையான அட்டோபிக் கரப்பானுக்கு டுபிலுமாப் ஊசி 2017 முதல். உபடாசிட்டினிப் போன்ற மாத்திரைகளும் வந்துவிட்டன, அவற்றுக்கு ரத்தப் பரிசோதனையோடு கண்காணிப்பு வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை சில நாளுக்கு அவசரமாகக் கைகொடுக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று வேறு கணக்கு ஆரம்பமாகிவிடும், நிறுத்தினால் தோலும் பழிவாங்கும்.

விலக்கி வைப்பது

தொட்டால் வரும் ஒவ்வாமைக்குக் காரணத்தை விலக்குவதே சிகிச்சை. சந்தேகமான ஒரு க்ரீம் இருந்தால் (தலைச்சாயத்தை இப்படிச் செய்யாதீர்கள்) முழங்கை உள்மடிப்புப் பக்கத்தில் சின்ன இடத்தில் தினம் இரண்டு வேளை பத்து நாள் பூசிப் பாருங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் முகத்துக்குப் போகலாம். ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்று அட்டையில் எழுதியிருப்பது பெரும்பாலும் விற்பவரின் வாக்குறுதி மட்டுமே. பின்பக்கப் பட்டியல்தான் பேசும்.

நிக்கலுக்கு ஒரு சுவாரசியமான சோதனைக் கரைசல் கிடைக்கிறது, டைமெத்தில்கிளையாக்சைம். பஞ்சுக் குச்சியில் இரண்டு சொட்டு விட்டு உலோகத்தில் தேய்த்தால், நிக்கல் கசிந்தால் பஞ்சு ரோஜா நிறமாகும். ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே தோலில் படும் பொருட்களில் நிக்கல் கசிவுக்கு வரம்பு போட்டது, ஆனால் வரம்புக்கு வெளியே விற்பது ஏராளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்த எல்லாவற்றையும் தேய்த்துப் பார்த்தேன். பெல்ட் கொக்கி ரோஜா. சாவி ரோஜா. நான் முழுசாகச் சந்தேகப்பட்டிருந்த கைக்கடிகாரம் வெள்ளையாகவே இருந்தது. ஜீன்ஸ் பொத்தான் தேய்க்கத் தேய்க்கக் கருஞ்சிவப்பு ஆனது. பொத்தானின் உள்பக்கம் தடித்த துணி வைத்துத் தைத்தேன், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டேன். தெளிவான நகப்பூச்சு பூசும் வழியும் உண்டு, ஆனால் துவைக்கத் துவைக்க உரிந்துவிடுகிறது.

காரணத்தை விலக்கிய மறுநாளே பலனை எதிர்பார்க்காதீர்கள். பழைய அழற்சி முழுசாக அடங்க வாரக்கணக்கில் ஆகும். பலர் பத்தாவது நாளே ‘இது இல்லை போல’ என்று கைவிட்டு மறுபடி சாப்பாட்டைத் துரத்தப் போகிறார்கள். எனக்கு ஐந்தாவது வாரம்தான் ராத்திரி நமைச்சல் நின்றது. அந்தக் கருமை போக எட்டு மாதம் ஆனது, அதற்குள் முட்டை, மீன், பால் மூன்றும் தட்டுக்குத் திரும்பி வந்திருந்தன.